ஊருக்கெல்லாம் ஒரு மெயில்

"மெயிலா? அது கிருஷ்ணசாமி அண்ணங்கிட்ட இருக்குக்கா," என்றாள் பொன்னி.

பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்த முறத்தைப் பற்றிச் சொல்வதைப் போல அத்தனை சாதாரணமாகச் சொன்னாள்.

ரோஜா கையிலிருந்த போனை மெல்லக் கீழே இறக்கினாள். திரையில் பெங்களூர் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் பக்கம் திறந்திருந்தது. எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்புக்கு நேர்காணலுக்குத் தேர்வானவர்கள் பெயரை நேற்று மாலை போட்டிருக்கிறார்கள். அதில் பொன்னியின் பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு, ஒரு குறையும் இல்லாமல் நின்றது. நேர்காணல் இன்றும் நாளையும். ஆன்லைனில். யாருக்கு எத்தனை மணிக்கு, எந்த இணைப்பில் என்பது அவரவர் மெயிலுக்குப் போயிருக்கிறது என்று கீழே ஒரு வரி.

"யாருடி கிருஷ்ணசாமி? உன் மெயிலு எதுக்கு அந்தாளு கையில இருக்குது?"

"விழுப்புரத்துல பிரவுசிங் சென்டர் வச்சிக்கினு இருக்காருக்கா, கலெக்டர் ஆபீசாண்ட. அம்மா கூட மனு குடுக்கப் போனன் இல்ல, அன்னிக்கிதான் அப்ளை பண்ணேன். மெயில் ஐடி கேட்டுச்சி. எனக்கு இல்லன்னேன். சரி பாப்பா, நம்ம கடை ஐடியே போட்டுக்கலாம்னாரு. நல்ல மனுசங்கா."

"ஏன், உன் போன்ல ஒரு ஐடி இருக்குமே?"

"அது செல்லு கடைக்காரர் போட்டது. பாஸ்வேர்டு அவருக்குத்தான் தெரியும்."

திண்டிவனத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிற அறை அது. சனி, ஞாயிறுகளில் ரோஜா அங்கே வகுப்பு எடுத்தாள். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிற, வீட்டில் யாருமே கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைகளை மேற்படிப்புக்கு வெளியூர் அனுப்புகிற வகுப்பு. எடுக்கச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை. கோபம் வந்தால் சிலர் பாத்திரத்தை உருட்டுவார்கள். ரோஜா வகுப்பு எடுத்தாள். ஐதராபாத்தில் வேதியியல் முதுகலை முடித்து, விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்குப் பாடம் நடத்தி, மிச்சமிருந்த கோபத்தை எல்லாம் வாரக்கடைசியில் இந்த அறைக்குக் கொண்டுவந்தாள். நாற்காலி நுனியில் உட்காராதே என்று சொல்லிக்கொடுத்தாள். வார்த்தைக்கு வார்த்தை சார் போடாதே என்றாள். தெரியாததைத் தலைநிமிர்ந்து தெரியாது என்று சொல்லப் பழக்கினாள். சொந்தமாக ஒரு மெயில் இருக்கிறதா என்று மட்டும் கேட்கத் தோன்றவே இல்லை. அது எல்லோருக்கும் இருக்கும் என்று அவள் எப்போது நினைக்க ஆரம்பித்தாள்?

"அக்கா," பின்வரிசையிலிருந்து தென்னரசு கையைத் தூக்கினான். "எனக்கும் அவர் ஐடிதாங்க்கா."

அவன் பக்கத்தில் வெண்ணிலாவும் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"மாதாவே," என்றாள் ரோஜா.

கடையின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டாள். ரெண்டு தடவை மணி அடித்ததும் அந்தப் பக்கம் துண்டித்தார்கள். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி துண்டித்தார்கள். கடை ஐடியைப் போட்டு, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பதை அழுத்திப் பார்த்தாள். ரகசிய எண்ணை இன்னாருடைய போனுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று காட்டியது. இன்னார், கிருஷ்ணசாமி. நிறுவனத்துக்குக் கூப்பிட்டாள். சனிக்கிழமை. மணியடித்துக்கொண்டே இருந்தது.

"கெளம்பு."

"எங்கக்கா?"

"உன் அண்ணங்கிட்ட. உன் மெயில கைமாத்தா வாங்கியாரலாம்."

பொன்னி தன் சுடிதாரைக் குனிந்து பார்த்தாள். "இந்த டிரெஸ்ஸோடவா?"

ரோஜா அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள்.

விழுப்புரம் பேருந்தில் ஜன்னல் பக்கம் வெயில் அடித்தது. பொன்னி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு, "நீ இப்பிடி நெழல்ல குந்துக்கா," என்றாள். ரோஜாவுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. இன்டர்வியூ இவளுக்கு, வெயிலும் இவளுக்கே.

"நவுரு. நான் அங்க வர்றேன். மூஞ்சி கறுத்துப் போயி நிக்காத."

"இதுக்கு மேல எங்கக்கா கறுக்கறது?" என்று பொன்னி சிரித்தாள். ரோஜா சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். முடியவில்லை.

பேருந்து ஊரைத் தாண்டியதும் ரோஜா ஆரம்பித்துவிட்டாள். உன்னைப் பற்றிச் சொல். பொன்னி சொன்னாள். ஏன் இந்த இடம்? சொன்னாள். நடத்துனர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, என்ன சண்டை என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்.

"புராஜெக்ட்?"

பொன்னியின் புராஜெக்ட் மல்லாட்டை என்கிற நிலக்கடலைச் செடியின் வேர் முடிச்சுகள். காற்றில் இருக்கிற நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிற கிருமிகள் குடியிருக்கும் சின்னச் சின்ன உருண்டைகள். உயிரோடு வேலை செய்கிற முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். வேலை முடிந்து செத்தது பழுப்பாக இருக்கும். உரம் போட்ட நிலத்திலும் போடாத நிலத்திலும் எத்தனை முடிச்சு சிவப்பு, எத்தனை பழுப்பு என்று அவள் எண்ணியிருந்தாள். கல்லூரியில் நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். ஆனால் அதில் ஓட்டை ஒன்று இருந்தது. முடிச்சைப் பார்க்க வேண்டிய காலம் செடி பூக்கிற காலம். பொன்னி பார்த்தது அறுவடையில்.

"ஏன் அறுவடையில எடுத்தேன்னு கேட்டா?"

"நேரம் போதலன்னு சொல்லணும்."

"கரெக்ட். அடுத்து..."

"ஆனா அது பொய்யிக்கா."

"பொய்யி இல்லடி. சுருக்கம்."

"எனக்கு நேரம் இருந்துச்சிக்கா. பூ வெக்கும்போது செடியப் புடுங்க எவன் விடுவான்? அம்மா கூலிக்குப் போற காட்டுல, அறுவடை முடிஞ்சி புடுங்காம வுட்ட செடிய மட்டும் எடுத்துக்கோன்னாங்க. அதத்தான எண்ணுனேன்."

"அதச் சொல்லாத." ரோஜாவின் குரல் உயர்ந்தது. முன்சீட்டில் ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மா, கூலி, காடு, எதுவும் வாயில வரக் கூடாது. நம்ம கஷ்டத்த அவங்க முன்னாடி கடை விரிக்கக் கூடாது. பாவம்னு ஒரு பார்வ பாப்பாங்க பாரு, அத நீ பாத்ததில்ல."

ரோஜா பார்த்திருக்கிறாள். ஐதராபாத்தில், அவளுடைய நேர்காணலில், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். யாராவது கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அப்பா லாரிக்கு மூட்டை ஏற்றுவது, முதுகு பிடித்துக்கொண்டு படுத்தது, அம்மா பள்ளிக்கூடத்தில் பெருக்கப் போவது என்று ஒன்று விடாமல் சொன்னாள். எதிரே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் வேதியியலில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இடம் கொடுத்தார்கள். ரெண்டு வருஷமும் ஒவ்வொரு பரீட்சையிலும் முதலாவதாக வந்தாள். ஆனாலும் அந்த இடத்தைத் தான் வாங்கினோமா, அப்பாவின் முதுகு வாங்கியதா என்பது அவளுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

பொன்னியின் போன் அடித்தது. அவள் அம்மா. நூறு நாள் வேலையில் ஏரிக்கரையிலிருந்து கத்தினாள். பக்கத்தில் நாலைந்து பெண்கள் பேசுகிற சத்தமும் கேட்டது.

"எங்கடி இருக்கற?"

"விழுப்புரம் போய்க்கினு இருக்கோம்மா. இன்டர்வியூ."

"சாப்ட்டியா?"

"இல்லம்மா."

"ரோஜாப் பொண்ணு கூட இருக்குதா?"

"இருக்குது."

"அப்ப சரி," என்று வைத்துவிட்டாள்.

அந்த "அப்ப சரி" ரோஜாவின் மடியில் வந்து விழுந்து, விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரைக்கும் நகரவே இல்லை.

கிருஷ்ணசாமியின் கடை ஒரு மாட்டு வண்டி நிற்கிற அகலம்தான். வாசலில் ஜெராக்ஸ் மெஷின், அதைச் சுற்றி ஆட்கள், உள்ளே ரெண்டு கம்ப்யூட்டர், கடைசியில் பாஸ்போர்ட் போட்டோ எடுப்பதற்காக சுவரில் தொங்கும் நீலத் துணி. அதன் பக்கத்தில் ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு, கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா. கிருஷ்ணசாமி நாற்பதைத் தொட்ட ஆள். கையில் ஒரு போனும் காதில் ஒரு போனுமாக இருந்தார்.

"ஏங்க, போன் எடுக்க மாட்டீங்களா?" ரோஜா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஓடிபி வர்ற நேரத்துல எப்பிடி மேடம் எடுக்கறது? எடுத்தா கட்டாயிடும். ஒரு நிமிசம் இருங்க... நாலு, ஏழு, ஏழு... ஆங், சொல்லுங்க. அட, பொன்னி பாப்பா! இன்னாம்மா, வேல கெடச்சிதா?"

"அவ மெயிலத் தொறங்க. ஜல்தி."

"எந்த மெயிலு?"

"உங்க மெயிலு. அவளுது. ஊருக்கே சொந்தமான மெயிலு!"

அவர் கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்தார். படிக்காதது மட்டும் ஆயிரக்கணக்கில் கிடந்தது. கேஸ் புக்கிங், பஸ் டிக்கெட், பட்டா, வேலைவாய்ப்பு, யாரோ ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவு. ஒரு ஜில்லாவின் பாதி வாழ்க்கை அதற்குள் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. ரோஜாவுக்கு வாய் அடங்கவில்லை.

"ஒரு பொண்ணு வாழ்க்கைய இப்பிடி குப்பத்தொட்டியில போட்டு வச்சிருக்கீங்களே, ஒரு மெயில் ஐடி புதுசா போட்டுக் குடுக்க எவ்ளோ நேரம் ஆவும் உங்களுக்கு?"

கிருஷ்ணசாமிக்கும் ரோஷம் வந்தது. "முன்னெல்லாம் ஆளுக்கு ஒண்ணு போட்டுத்தாம்மா குடுத்தன். பாஸ்வேர்டு மறந்துட்டேன் அண்ணே, நம்பர் மாத்திட்டேன் அண்ணேன்னு எங்கிட்டயே வந்து அழுவாங்க. ஒரு பையன் ஹால் டிக்கெட் எடுக்க முடியாம இதே எடத்துல குந்திக்கினு அழுதான். அப்பறந்தான் சரி, நம்ம ஐடியே போட்டா என்னிக்கும் தொறக்கலாமேன்னு... நான் கெட்டது நெனைச்சா போட்டேன்?"

ரோஜா வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள்.

"அக்கா, தோ," என்றாள் பொன்னி. அவள் சண்டையைக் கவனிக்கவே இல்லை. தேடுகிற கட்டத்தில் தன் பெயரை அடித்துப் பார்த்திருந்தாள். ஒரே ஒரு மெயில் வந்து நின்றது. நேர்காணல் இன்று. மூன்று மணி.

கிருஷ்ணசாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி கூட இல்லியேம்மா."

எழுந்து போய் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினார். வாசலில் நின்றவர்களிடம், "கொஞ்ச நேரம் வெளியில இருங்கப்பா, பாப்பாவுக்கு இன்டர்வியூ," என்றார்.

"யோவ், என் பட்டா?" என்றார் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர். "காலையிலருந்து நிக்கறன். பேஜாரு புடிச்ச கடையா இருக்குதே."

"விருத்தாசலம் அண்ணே, உங்க பட்டா எங்கயும் ஓடாது. இந்தப் பொண்ணு இப்ப பேசலன்னா போச்சி."

பெரியவர் பொன்னியை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா வேலைக்கி?"

"படிப்புக்குங்க," என்றாள் பொன்னி.

"இன்னும் படிப்பா?" என்று அவர் ஆச்சரியப்பட்டு, தானாகவே வெளியே போய் நின்றுகொண்டார்.

கிருஷ்ணசாமி ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார். ஃபேன் சத்தம் போடும் என்று அதையும் நிறுத்தினார். ஆதார் படம் எடுக்கிற கேமராவைக் கம்ப்யூட்டரில் மாட்டி, நாற்காலியை நீலத் துணிக்கு முன்னால் இழுத்துப் போட்டார். ஆணியிலிருந்து கறுப்புக் கோட்டை எடுத்து உதறினார்.

"பாப்பா, இத போட்டுக்கோ. இதப் போட்டுக்கினு போட்டோ எடுத்தவங்க நாலு பேரு சிங்கப்பூர்ல இருக்கறாங்க."

"வோணாண்ணே. வேர்க்கும்." பொன்னி சீப்பை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

ரோஜா தன் பையில் இருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை அவள் வாயில் திணித்தாள். கைக்குட்டையால் அவள் கழுத்தைத் துடைத்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துவிட்டாள். இத்தனை நாளும் நாற்காலி நுனியில் உட்காராதே என்று கத்தியவள், இப்போது அவள் தோளைப் பிடித்து மெதுவாகப் பின்னால் தள்ளி உட்காரவைத்தாள். பிறகு கம்ப்யூட்டருக்குப் பின்புறம் போய், கேமரா பார்க்காத இடத்தில் நின்றாள். அங்கிருந்து பொன்னியின் முகம் மட்டும் தெரிந்தது. திரை தெரியவில்லை. குரல்கள் மட்டும் வந்தன.

மூன்று பேர் இருந்தார்கள் போலிருக்கிறது. ரெண்டு ஆண், ஒரு பெண். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. பொன்னியின் ஆங்கிலம் குட்டைக் குட்டை வாக்கியங்கள். ஒன்றை முடித்து, கால் ஊன்றிக்கொண்டு, அடுத்ததுக்குப் போகும்.

உன்னைப் பற்றிச் சொல் என்றார்கள். பொன்னி கடகடவென்று ஒப்பித்தாள். ரோஜா எழுதிக்கொடுத்தது, ஒரு காற்புள்ளிகூட விடாமல். கேட்கக் கேட்க ரோஜாவுக்கே கொட்டாவி வந்தது. நான் எழுதியது இவ்வளவு மோசமாகவா இருந்தது? ஏன் இங்கே? அதையும் ஒப்பித்தாள். எதிர்ப்பக்கம் யாரோ காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. அவர்கள் அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார்கள் என்று ரோஜாவுக்குத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து வெளியே பழைய இரும்பு வாங்குகிற ஆட்டோ ஒன்று, பழைய இரும்பு, ஈயம், பித்தளை என்று ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டு வந்தது. அதைவிடச் சத்தமாக விருத்தாசலத்தின் குரல் கேட்டது.

"டேய்! உள்ள இன்டர்வூ நடக்குதுடா! அந்தாண்ட போய்க் கத்து!"



"அங்கே என்ன சத்தம்?" என்றார் அந்த அம்மாள்.

"பழைய இரும்பு வண்டி மேடம். அதை ஒருவர் விரட்டுகிறார்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "சரி, உன் புராஜெக்டுக்கு வருவோம். பெரும்பாலான முடிச்சுகள் பழுப்பு என்று எழுதியிருக்கிறாய். அறுவடை நேரத்தில் எடுத்தால் பழுப்பாகத்தானே இருக்கும்? பூக்கிற காலத்தில் ஏன் எடுக்கவில்லை?"

பொன்னியின் கண்கள் கம்ப்யூட்டருக்கு மேலாக ரோஜாவிடம் வந்தன.

ரோஜா மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். நேரம். நேரம் போதவில்லை.

பொன்னி ஒரு கணம் அந்த மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு கண்களை எடுத்துக் கேமராவில் வைத்தாள்.

"பூக்கிற காலத்தில் செடியைப் பிடுங்க யாரும் விடமாட்டார்கள் மேடம். எங்களுக்கு நிலம் இல்லை. என் அம்மா கூலிக்குப் போகிற நிலத்தில் கேட்டேன். அறுவடை முடிந்ததும் மிச்சமிருக்கிற செடிகளை எடுத்துக்கொள் என்றார்கள். அதனால் அப்போது எடுத்தேன்."

ரோஜா கண்ணை மூடிக்கொண்டாள். போயிற்று. இப்போது அந்த அமைதி வரும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஐயோ பாவம் என்று ஒரு குரல் குழையும்.

பொன்னி நிறுத்தவில்லை.

"இன்னொரு தவறும் இருக்கிறது. அது எனக்கு எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது. பிடுங்குகிறவர்கள் காய்க்காத செடியைத்தான் விட்டுவிட்டுப் போவார்கள். நோஞ்சான் செடி. நான் எண்ணியது எல்லாம் அதுதான். அந்த நிலத்தில் எத்தனை முடிச்சு என்று என் கணக்கு சொல்லாது. விட்டுப்போன செடியில் எத்தனை என்றுதான் சொல்லும். தலைப்பில் நிலம் என்று போட்டிருக்கிறேன். போட்டிருக்கக் கூடாது."

"இதை ஏன் அறிக்கையில் எழுதவில்லை?" இது ஒரு ஆணின் குரல். நிமிர்ந்து உட்கார்ந்த குரல்.

"எழுதினால் மதிப்பெண் குறையும் என்று கல்லூரியில் சொன்னார்கள் சார்."

ரெண்டு பேர் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பில்லை.

"சரி. நாளைக்கு ஒரு நிலம் முழுவதும் உன் கையில் கொடுத்தால் என்ன செய்வாய்?"

"முழுவதும் வேண்டாம் சார். ஆறு பாத்தி போதும்."

அங்கிருந்து அது நேர்காணலாக இல்லை. எந்தப் பாத்தியில் என்ன, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, வேரைக் கழுவும்போது முடிச்சு உதிராமல் எப்படி என்று மூன்று பேரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். ரெண்டு இடத்தில் பொன்னி தெரியாது என்றாள், தலையை நிமிர்த்தி. ஒரு இடத்தில் அந்த அம்மாள், இல்லை, அப்படிச் செய்தால் வேர் அறுந்துபோகும், மண்ணோடு பெயர்த்து ஊறவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். பொன்னி, "ஓ!" என்றாள். அந்த "ஓ"வை ரோஜா யாருக்கும் பழக்கியதில்லை.

ரோஜா கண்ணைத் திறந்திருந்தாள். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து இமையில் நின்றது. துடைக்கத் தோன்றவில்லை. ஐதராபாத்தில் தான் மேசையில் பரப்பிய அதே கூலியைத்தான் இவளும் சொன்னாள். ஆனால் அதைக் கையில் ஏந்திக்கொண்டு சொல்லவில்லை. எந்தக் கத்தியால் நறுக்கினேன், எந்தத் தராசில் நிறுத்தேன் என்று சொல்வார்களே, அந்த வரிசையில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் அம்மா அந்த ஆராய்ச்சியில் ஒரு காரணம். அவ்வளவுதான். பாவம் என்று சொல்ல அதில் எங்கே இடம்? எனக்கு ஏன் இது தெரியாமல் போயிற்று என்று ரோஜாவுக்குக் கோபம் வந்தது. இந்தத் தடவை அந்தக் கோபம் யார் மேலும் போய் உட்காரவில்லை. சும்மா வந்துவிட்டுப் போயிற்று.

"முடிவு ஒரு வாரத்துக்குள் உன் மெயிலுக்கு வரும்," என்றார் அந்த அம்மாள் கடைசியாக. "கவனமாகப் பார்த்துக்கொள். பதில் அனுப்பாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இந்தக் கடைப் பெயர் போட்ட ஐடி, இது உன்னுடையதுதானே?"

பொன்னி கிருஷ்ணசாமியைப் பார்த்தாள். அவர் ஷட்டருக்குப் பக்கத்தில் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆங்கிலத்தில் தன் கடையின் பெயர் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"இது எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருடையதும் மேடம்," என்றாள் பொன்னி. "இன்றைக்கு எனக்கு ஒன்று தயாராகிவிடும். அதிலிருந்து உங்களுக்கு எழுதுகிறேன்."

அழைப்பு முடிந்தது. பொன்னி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். ரோஜா போய் அவள் முன்னால் குத்துக்காலிட்டு அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"திட்டப் போறியாக்கா?"

"ஏன்?"

"நீ நேரம்னு காட்டுன. நான் சொல்லல."

"நல்ல வேள சொல்லல," என்றாள் ரோஜா. உடனே, "அந்த மொத ரெண்டு பதிலு இருக்குதே, அடுத்த தடவ அப்பிடி ரயிலாட்டம் ஓட்டாத. தூக்கம் வருது," என்றாள்.

"நீ எழுதுனதுதானக்கா."

"அதாண்டி சொல்றேன்."

ஷட்டருக்கு அடியில் விருத்தாசலத்தின் தலை தெரிந்தது. "இன்னாம்மா, எடம் குடுத்துட்டானா?"

"இன்னும் இல்லைங்க தாத்தா. சொல்லுவாங்க."

"சொல்லுவான், சொல்லுவான். யோவ் கிருஷ்ணசாமி, என் பட்டா."

"இருண்ணே, இன்னும் ஒரு வேல பாக்கி." கிருஷ்ணசாமி ஃபேனைப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். புதிய மெயிலுக்கான பக்கத்தைத் திறந்தார். பெயர் அடித்தார். பிறந்த தேதி கேட்டு அடித்தார். எந்த நம்பர் போடுவது என்று அவர் கேட்பதற்குள் பொன்னி தன் நம்பரைச் சொன்னாள். பாஸ்வேர்டு என்ற கட்டம் வந்தது. பழக்கத்தில் அவர் கை தானாக ஏதோ அடிக்கப் போனது.

"அண்ணே," என்றாள் பொன்னி. "நான் அடிக்கறேன்."

அவர் கையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பொன்னி அந்த இடத்தில் உட்கார்ந்தாள். விரலை வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் அந்தாண்ட திரும்புங்க."

கிருஷ்ணசாமி வாசல் பக்கம் திரும்பினார். ரோஜா அவள் பின்னாலேயே நின்றிருந்தாள்.

"நானுமாடி?"

"நீயுந்தாங்க்கா."

ரோஜா திரும்பினாள். முன்னால் நீலத் துணி. முகத்துக்கு அத்தனை பக்கத்தில், பவுடர் வாசனையோடு தொங்கியது. பின்னால் ஒவ்வொரு எழுத்தாக விழுகிற சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை.

"இன்னாடி இது, பாஸ்வேர்டா பாரதக் கதையா?"

"பேசாத இருக்கா. வுட்டுடுவேன்."

"மறந்துட்டு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது பாப்பா," என்றார் கிருஷ்ணசாமி வாசலைப் பார்த்தபடியே.

"மறக்க மாட்டேண்ணே."

சத்தம் நின்றது. ரோஜா பாதி திரும்பினாள்.

"திரும்பாதக்கா! இன்னொரு தடவ அடிக்கச் சொல்லுது."

ரோஜா மறுபடி நீலத் துணியைப் பார்த்து நின்றுகொண்டாள். சிரிப்பு வந்தது. யாரும் பார்க்காததால் அதை அடக்கவும் இல்லை. பின்னால் பொன்னி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்தாக, அதே நிதானத்தில், ஒன்றிலும் தடுக்காமல்.